வியாழக்கிழமை மழை இல்லை

என் மச்சான் கன்னியப்பன் பேரணாம்பட்டில் ஒரு டேனரியின் கழிவுத் தொட்டிக்குள் இறந்துபோனார். ஐப்பசி மாதம், வியாழக்கிழமை, முற்பகல். அன்று மழை இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இருந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வெள்ளி இரவிலிருந்து கனமழை வரும் என்று முன்னறிவிப்பு. அதற்கு முன்னால் மிச்சமிருந்தவை இரண்டு காய்ந்த நாட்கள். மச்சான் அவற்றை நிலக்கடலை போட்ட எங்கள் மல்லாட்டைக் கொல்லைக்கு என்று வைத்திருந்தார். கம்பெனி தொட்டிக்கு என்று எடுத்துக்கொண்டது.

அவர் என் மனைவி மோகனாவுக்கு ஒரே அண்ணன். சொந்த ஊர் திமிரிக்குப் பக்கம். மீசை அரும்பும் வயதில் வேலை தேடிப் பேரணாம்பட்டுக்குப் போனவர், செல்லம்மாளைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். சேர்ந்த நாளிலிருந்து தோல் காயப் போடும் களத்தில்தான் வேலை. பதனிட்ட ஈரத் தோலைக் கழிகளில் தொங்கவிட வேண்டும். வெயில் ஏறினால் நிழலுக்கு மாற்ற வேண்டும். பாதி காய்ந்த தோலில் ஒரு தூறல் விழுந்தால் போதும், புள்ளி புள்ளியாகக் கறை நின்றுவிடும்; பிறகு அது மட்டமான தோல். அதனால் களத்துக்கு மழை சொல்ல ஒரு ஆள் எப்போதும் வேண்டும். அந்த ஆள் அவர்.

மேகத்தைப் பார்த்து மழை சொல்லும் வித்தை எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்தது போல் காட்டிக்கொண்டதும் இல்லை. முதலில் ரேடியோ, பிறகு டிவி, கடைசியில் செல்போன். வானிலை மையம் சொல்வதைக் கேட்டு அப்படியே ஒப்பிப்பார். வருடக்கணக்காக ஒப்பித்து ஒப்பித்து அந்தப் பாஷை அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. எதைப் பற்றிப் பேசினாலும் அது வந்துவிடும்.

"இந்த வருசம் போனஸ் உண்டா மச்சான்?" என்று நான் கேட்டால், "ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும் மாப்ள. நம்ம இடம் எப்பவும் அந்த ஓரிரு இடத்துல வராது" என்பார்.

ஒரு தீபாவளிக்கு நாங்கள் போயிருந்தபோது, எண்ணெய் வாங்கி வர மறந்துவிட்டார் என்று செல்லம்மாள் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தார். மச்சான் என் பக்கம் சாய்ந்து, "அடுத்த இருபத்திநாலு மணி நேரத்துக்கு சூறைக்காத்து. மீனவர்கள் யாரும் சமையக்கட்டுப் பக்கம் போக வேணாம்" என்றார்.

செல்லம்மாளுக்கு அது காதில் விழுந்துவிட்டது. "வங்காள விரிகுடால இன்னா நடக்குதுன்னு இந்த மனுசனுக்குத் தெரியும். பக்கத்துல பால் தீயிற நாத்தம் தெரியாது. மூக்கு எதுக்குன்னு கேளு மோகனா."

"கண்ணாடி மாட்டிக்கத்தான்" என்றார் மச்சான்.

செல்லம்மாள் சொன்னது உண்மைதான். அவருக்கு வாசனை தெரியாது. டேனரியில் வருடக்கணக்காக வேலை செய்தவர்கள் பலருக்கும் அப்படித்தான். சுண்ணாம்பு, சல்பைடு, அழுகிய சதை எல்லாவற்றையும் இழுத்து இழுத்து மூக்கு செத்துப்போகிறது. அதைக் குறையாகவே யாரும் நினைப்பதில்லை. மூக்கு இருக்கிறவன் அந்த வேலையில் நிற்க மாட்டான் என்பார்கள்.

இந்தச் செத்த மூக்குகளால் அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. கழிவுத் தொட்டியைத் திறந்து ஆள் இறங்க வேண்டி வந்தால், எதிரே டீக்கடை வைத்திருக்கும் கமலத்தைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து தொட்டி விளிம்பில் நின்று முகர்ந்து பார்ப்பார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டால் அன்றைக்கு இறங்க மாட்டார்கள். "பரவால்ல" என்றால் இறங்குவார்கள். காற்றை அளக்க உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்று உண்டு, சட்டையில் மாட்டிக்கொள்ளலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கம்பெனிக்கு முன்பே தெரிந்திருக்கும். ஆளை இறக்கவே கூடாது என்று சட்டம் இருப்பதும் தெரிந்திருக்கும்.

மச்சானோடு களத்தில் வேலை செய்யும் மஹபூப் பாஷா இதை வைத்துக் கமலத்தைக் கிண்டல் செய்வாராம். "போலீஸ்காரன் மோப்பத்துக்கு நாய் வெச்சிக்கினு இருக்கான். நம்ம கம்பெனில கமலக்கா."

"நாய்க்கு பிஸ்கட்டு போடுவான் பாய். நீங்க என் பிஸ்கட்டயே துன்னுட்டு போறீங்க."

இதைச் சொல்லி மச்சான் எங்கள் வீட்டில் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். நாங்களும் சிரித்திருக்கிறோம்.

திமிரியில் அண்ணனும் தங்கையும் பாகம் பிரித்துக்கொள்ளாத ஒரு ஏக்கர் கொல்லை இருக்கிறது. நான் தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். விவசாயம் எனக்குப் பாதிதான் தெரியும். ஆடியில் மல்லாட்டை போட்டு ஐப்பசியில் பிடுங்குவோம். பிடுங்குகிற சமயத்துக்கு மச்சான் லீவு போட்டு வந்து நிற்பார். போன வருடம் இரண்டு நாள் தாமதித்தோம். மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் விடாமல் பெய்ததில் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் ஒவ்வொரு காயிலும் வெள்ளையாக ஒரு வால். மோகனா அதை மடியில் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். மச்சான் அன்று எதையும் ஒப்பிக்கவில்லை. "அடுத்த வருசம் மழைக்கு முந்திக்கணும் மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

இந்த வருடம் திங்கட்கிழமை மாலையே போன் செய்தார்.

"கேட்டீங்களா? தென்மேற்கு வங்கக் கடல்ல தாழ்வுப் பகுதி. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூணுக்கும் வெள்ளி, சனி ஆரஞ்சு எச்சரிக்கை. ஆள் சொல்லி வெச்சிடுங்க. புதன் ராத்திரி வர்றேன். வியாழன் புடுங்கறோம், வெள்ளி மத்தியானத்துக்குள்ள மூட்டையக் கட்டி உள்ள போடறோம்."

"லீவு குடுப்பாங்களா மச்சான்?"

"மழைல களத்துக்கு நான் எதுக்கு? தோல் இன்னா குடை புடிச்சிக்கினா காயும்?"

அவர் லீவு கேட்டது எப்படி என்பதை மஹபூப் பாஷாதான் எனக்குச் சொன்னார். புதன்கிழமை காலை, மேனேஜர் நவநீதனின் அறை வாசலில் இருவரும் நின்றிருக்கிறார்கள்.

"ரெண்டு நாள் லீவா? மழையே வரப்போறதில்ல. நீயேதானே சொல்லுவ, ஓரிரு இடம்னு" என்றாராம் நவநீதன்.

"இது அந்த மாதிரி இல்ல சார். பரவலா. வெள்ளி ராத்திரி ஆரம்பிச்சா ஞாயித்துக்கிழமை வரைக்கும் வுடாது."

"போன வாரமும் இப்பிடித்தான் சொன்ன. தோலெல்லாம் எடுத்து உள்ள போட்டோம். சொட்டு வுழல."

"போன வாரம் மஞ்சள் சார். இது ஆரஞ்சு. போன வருசத்தவுட ஜாஸ்தின்றாங்க. நிச்சயமா வருது சார், நான் சொல்றேன்."

லீவு வேண்டும் என்பதற்காக அழுத்திச் சொன்னார். அவ்வளவு அழுத்தி அவர் ஒருநாளும் மழை சொன்னதில்லை என்றார் பாஷா.

 நவநீதன் ஜன்னல் வழியாகப் பின்பக்கத்தைப் பார்த்தார். "அப்போ தொட்டி?" என்றார்.

போன வருட மழையில் அந்தத் தொட்டி நிரம்பி வழிந்து, கறுப்புத் தண்ணீர் தெருவுக்கு ஓடி, அங்கிருந்து கானாற்றில் இறங்கியது. ஊர்க்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். இன்னொரு முறை அப்படி நடந்தால் மேனேஜர் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லிவிட்டிருந்தார். மழை நிச்சயம் என்றால் தொட்டி அதற்கு முன் காலியாக வேண்டும். உறிஞ்சும் லாரிக்குப் போன் செய்தார்கள். ஊரில் எல்லாத் தொட்டிக்காரர்களும் அதே முன்னறிவிப்பைக் கேட்டவர்கள்தானே. லாரி சனிக்கிழமைக்கு முன் வராது. தொட்டி வேலை செய்யும் பீகார்க்காரர்கள் சத் பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள்.

"மோட்டார் வெச்சி தண்ணிய எடுத்துடலாம். அடிச் சேறு கொஞ்சம் இருக்கும். நீயும் பாயும் நாளைக்கு காலைல கூட இருங்க. அரை நாள் வேலை. முடிச்சிட்டு நீ கெளம்பு, சனிக்கிழமையும் சேத்து எடுத்துக்கோ."

"அவன் வாயாலயே மாட்டிக்கினான் வாத்தியாரே" என்றார் பாஷா. "மழை வராது, சும்மா ஊருக்கு போறேன்னு சொல்லியிருந்தா திட்டிட்டு அனுப்பியிருப்பாங்க."

அன்று மாலை மச்சான் போன் செய்தார். "ராத்திரி வர முடியாது மாப்ள. நாளைக்கு மத்தியானம் வந்துடறேன். நீங்க ஆரம்பிச்சிடுங்க."

"இன்னா வேலை?"

"ஒரு சின்ன வேலை. மழைக்கு முன்னாடி முடிக்கணுமாம்."

மோகனா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அண்ணா, வராம இருந்துடாத. ஆளுங்க நாலு பேருதான் கெடைச்சாங்க."

"அஞ்சாவது ஆளு உன் வீட்லயே இருக்காரே. குனிய சொல்லு. போர்டுல எழுதி எழுதி நட்டுக்கினே இருக்காரு."

மோகனா சிரித்துவிட்டுப் போனை என்னிடம் தராமலே வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில் நடந்ததையும் பாஷா சொன்னபடியே எழுதுகிறேன். மோட்டார் நன்றாகத்தான் இழுத்திருக்கிறது. முழங்கால் ஆழம் இருக்கும்போது நின்றுவிட்டது. குழாயின் வாயில் மயிரும் சதைத் துணுக்கும் அடைத்துக்கொண்டன. மேலிருந்து கழியால் குத்திப் பார்த்தார்கள், விடவில்லை. யாராவது இறங்கிக் கையால் எடுக்க வேண்டும். கமலத்தைக் கூப்பிட்டார்கள். கடையில் கூட்டமாம், டம்ளரைக் கையில் பிடித்தபடியே வந்து, குனிந்து, முகர்ந்து, "நேத்திக்கு இன்னிக்கு கம்மிதான். பரவால்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அவர் சொன்னது பொய் இல்லை. சேறு கிளறாமல் இருக்கும்வரை விஷக்காற்று அதற்குள்ளேயேதான் அடைந்து கிடக்கும். கால் வைத்தால்தான் கிளம்பும். விளிம்பில் நிற்கிற எந்த மூக்குக்கும் அது தெரியாது. பிறகு ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார்: அது கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை போல நாறும், அதிகமானால் நல்ல மூக்கைக்கூட மரத்துப்போகச் செய்துவிடும், நாற்றமே தெரியாது. வாத்தியார் வேலையில் இருக்கிற எனக்கு இது தெரியாது. அதை வைத்தே பிழைக்கிற ஒரு ஊரில் யாரும் யாருக்கும் இதைச் சொல்லித் தரவில்லை.

மச்சான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினார். காலால் துழாவிக் குழாயின் வாயைத் தேடினார். குனிந்து ஒரு கொத்தை இழுத்து மேலே எறிந்தார்.

"பாய், நாத்தமே இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. களைத்துப்போனவர் திண்டில் உட்காருவது போல அப்படியே உட்கார்ந்தாராம். பாஷா அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஏணியில் இறங்க, மேலே இருந்தவர்கள் அவருடைய காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அவரையும் மயக்கத்தில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மச்சானைத் தீயணைப்பு வண்டி வந்து எடுத்தது.

அந்த நேரத்தில் நாங்கள் கொல்லையில் இருந்தோம். மண் பதமாக இருந்தது, செடி பிடித்ததும் வந்தது. காய் கொத்துக் கொத்தாக இருந்தது. வேலைக்கு வந்த பெண்கள், வாத்தியார் குனிந்துவிட்டார், மழை வராமல் என்ன செய்யும் என்று என்னைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். நல்ல வெயில். மோகனாவின் போன் அடித்தது. அவள் மண் கையோடு எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் வீட்டுக்கு வர மதியம் ஆகிவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் வானத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இரவு மழை பிடித்துக்கொள்ளும், சுடுகாட்டில் கூரை கிடையாது, கட்டை நனைந்துவிட்டால் கஷ்டம், சீக்கிரம் எடுங்கள் என்றார்கள். செல்லம்மாள் இன்னும் கொஞ்ச நேரம் வைக்கச் சொன்னார். வைக்கவில்லை. அவசரப்படுத்தியவர்களில் நானும் ஒருவன். வராத மழைக்காக இரண்டு நாளில் இரண்டு முறை அந்த மனிதரை அவசரப்படுத்தினோம்.

மழை வரவில்லை. தாழ்வுப் பகுதி வடக்கே திரும்பி ஆந்திரக் கரைப்பக்கம் போய் வலுவிழந்துவிட்டது. சனிக்கிழமைச் செய்தியில், வேலூர் மாவட்டத்தில் வறண்ட வானிலை நிலவும் என்றார்கள். வானிலை மையத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் வாய்ப்பு இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். நிச்சயம் என்று சொன்னது லீவு வேண்டியிருந்த என் மச்சான். அதை நம்பியது வேலை போய்விடும் என்று பயந்த நவநீதன்.

கொல்லையில் போட்டது போட்டபடி கிடந்த செடிகளிலிருந்து அக்கம்பக்கத்தவர்கள் காயை ஆய்ந்து உலர்த்திக் கட்டி வைத்தார்கள். அந்த வெயிலில் எங்கள் மல்லாட்டை அதுவரை காயாத அளவுக்குக் காய்ந்தது. மோகனா அதில் ஒரு காயை வாயில் வைக்கவில்லை. எண்ணெய்க்கும் எடுக்கவில்லை. மொத்தத்தையும் கமிட்டிக்கு, அரசு விற்பனைக் கூடத்துக்கு, ஏற்றிவிட்டோம். நல்ல காய்ச்சல் என்று அங்கே பாராட்டினார்களாம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நவநீதன் மாலையோடு வந்தார். படத்துக்குப் போட்டுவிட்டுச் செல்லம்மாளுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். அவரும் தூங்கி நாளானவர் போலத்தான் இருந்தார்.

"வேலூர்ல விசாரணை இருக்குதும்மா. ஒங்களையும் கூப்பிடுவாங்க. அன்னிக்கு மழைத் தூறல், படியெல்லாம் ஈரம். தண்ணி வழியுதான்னு பாக்கப் போனவரு வழுக்கி வுழுந்துட்டாரு. யாரும் எறங்க சொல்லல. இப்பிடி சொன்னா எல்லாருக்கும் பேஜார் இல்லாம சீக்கிரம் முடியும்."

செல்லம்மாள் அவர் போட்ட மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழை நிச்சயம்னு சொன்னதே ஒங்க வீட்டுக்காரருதாம்மா. பாயக் கேளுங்க" என்றார் நவநீதன், மெதுவாக.

"நீங்க இன்னாத்துக்கு அத நம்புனீங்க?" என்றார் செல்லம்மாள். "இருவத்தேழு வருசமா அவரு மழை சொல்றாரு. நான் ஒருநாளும் நம்பி துணிய எடுத்ததில்ல. அன்னிக்கும் ரெண்டு பொடவைய மாடில போட்டுட்டுதான் அவருக்கு சோறு கட்டிக் குடுத்தேன். பத்து மணிக்கெல்லாம் மொறமொறன்னு காஞ்சிது. மடிச்சிக்கினு இருந்தப்பதான் ஆள் வந்து சொன்னாங்க. தூறலாம், ஈரமாம்."

"அப்பிடி சொன்னா லேட் ஆவும்மா."

"ஆவட்டும்."

வேலூர் விசாரணைக்கு நான் செல்லம்மாளுடன் போனேன். அவரை அழைத்து, அன்று பேரணாம்பட்டில் மழை இருந்ததா என்று கேட்டார்கள். வெயில் என்றார். துணி காய்ந்ததைச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். கமலம் வரவில்லை, கடையை மூடிவிட்டுக் குடியாத்தத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம், அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லையாம். கடைசியாக மஹபூப் பாஷாவைக் கூப்பிட்டார்கள். எனக்கு எல்லாவற்றையும், மச்சான் கடைசியாகப் பேசியதுவரை சொன்னவர் அவர். இன்னும் அதே களத்தில்தான் வேலை செய்கிறார். கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

"அன்றைக்கு மழை பெய்ததா?"

பாஷா மேசையைப் பார்த்தார். "மயக்கமா இருந்திச்சி சார். சரியா ஞாபகம் இல்ல. தூறல் இருந்திருக்கலாம்."

வெளியே வந்து மூவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம்.  செல்லம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்தார், நான் அவர் பக்கத்தில். எங்கள் சீட்டிலேயே மூன்றாவது ஆளுக்கு இடம் இருந்தது. குடியாத்தத்தில் பாதி பஸ் காலியானது. செல்லம்மாள் ஒருமுறை திரும்பி, "உக்காருங்க பாய்" என்றார். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பேரணாம்பட்டு வரும்வரை கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டேதான் வந்தார்.